கதவு திறந்தே இருக்கிறது

என் கணவருக்குப் பூட்டு என்றால் உயிர். அவர் பிறந்து வளர்ந்த மாட்டுங்கா வீட்டு வாசலில் முதலில் ஒரு இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் மரக்கதவு, மரக்கதவில் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சங்கிலி. நான் மருமகளாகப் போன புதிதில், பால்காரர் மணியடித்தால் மாமியார் இத்தனையையும் திறந்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மாடிக்குப் போயிருப்பார். நான் தாராவிக்காரி. எங்கள் வீட்டுக்கும் கதவு உண்டு. ஆனால் பகலில் அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கும், அவ்வளவுதான். பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, இல்லையென்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து வீடு வாங்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. முலுண்டில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, செம்பூரில் ஏழாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். சாவி கைக்கு வருவதற்கு முன்பே அவர் பெரிய தாள் ஒன்றை விரித்து வீட்டின் படத்தை வரைந்துவிட்டார். சிவப்புப் புள்ளி கேமரா. நீலப் புள்ளி ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார். பச்சைப் புள்ளி போனிலிருந்தே போட்டு அணைக்கும் விளக்கு. சமையலறையில் கேஸ் கசிந்தால் தானாகவே வால்வை மூடும் கருவி. வாசலில் ஸ்மார்ட் லாக்: விரலை வைத்தால் திறக்கும், கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும்.

"பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே பிளான் பண்ணிட்டாத்தான் ஒயரெல்லாம் சுவத்துக்குள்ள போகும்," என்றார்.

"உள்ள ஒரு கொசு வந்தாலும் உங்களுக்கு மெசேஜ் வருமா?"

கிண்டலைக் கண்டுகொள்கிற ஆள் இல்லை அவர். "சென்சிடிவிட்டியைக் கொறைச்சு வெச்சுக்கலாம்," என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

இத்தனை காவல் போட நம்மிடம் என்ன இருக்கிறது, திருட வருகிறவன் பாவப்பட்டு எதையாவது வைத்துவிட்டுத்தான் போவான் என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதற்கே எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாக இருந்தது ஒரே ஒரு கட்டம்தான். கிழக்குப் பார்த்த சின்ன அறை. அதில் 'அம்மா' என்று நானே பென்சிலால் எழுதியிருந்தேன்.

அப்பா போன பிறகு அம்மா தாராவியில் தனியாகத்தான் இருந்தாள். சந்தில் அதுவரை நடத்திவந்த இட்லி வியாபாரத்தையும் நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்து கதவைத் திறந்து, திரையை ஒதுக்கி ஓரத்து ஆணியில் மாட்டுவாள். அன்றைய நாள் ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்து வெகுநேரமாகியும் திரை ஒதுங்கவில்லை. எதிர்வீட்டுச் சித்தி பார்த்தாள். சொந்தச் சித்தி இல்லை. நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எதிர்வீட்டில் இருப்பதால் சித்தி. எங்கள் சந்தில் யார் வீட்டுச் சாவியும் எதிர்வீட்டில் ஒன்று இருக்கும். அதுதான் வழக்கம். சித்தி சாவியைப் போட்டுத் திறந்தபோது, வழுக்கி விழுந்த அம்மா எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகுதான் சித்தி எனக்குப் போன் செய்தாள். முலுண்டிலிருந்து தாராவி வரை ரயிலில் அழுதுகொண்டே போனேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம்: அம்மா என்னோடு இருக்க வேண்டும். அவளுக்கும் ஒரே பிடிவாதம்.

"கதவடச்ச வீட்ல என்னால இருக்க முடியாதுட்டி. மூச்சு முட்டிச் செத்துருவேன்."

"செத்துருவேன் கித்துருவேன்னு பேசாத. வீட்டை வந்து பாரு மொதல்ல."

பூட்டும் கேமராவும் மாட்ட கம்பெனியிலிருந்து ஆள் வருகிற அன்று அம்மா வந்தாள், துணைக்குச் சித்தியோடு. லிஃப்டை விட்டு இறங்கியதும் இரண்டு பேரும் வராந்தாவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்களுக்கு நேர் எதிர் ஃப்ளாட்டில் பேர்ப்பலகை மட்டும் இருந்தது. நாங்கள் வந்து போன இத்தனை நாளில் அங்கே ஒரு மனிதத் தலையைக்கூடப் பார்த்ததில்லை.

"ஆளு குடியிருக்காவளாட்டி இங்க?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

வீடு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பால்கனிக் காற்றில் முந்தானை பறக்க நின்றாள். சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடினாள். அவளுடைய அறைக்குப் போனபோதுதான் வினை வந்தது. கம்பெனிக்காரர் ஏணியைப் போட்டுச் சுவர் மூலையில் எதையோ அளந்துகொண்டிருந்தார். நான் பிளானை வாங்கிப் பார்த்தேன். 'அம்மா' என்று நான் எழுதிய கட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் ஏவல் தெரியாது. "எங்கம்மா தூங்குறதை நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து பார்ப்பீங்களா?" என்று கத்தினேன். ஏணியில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் விஷயம் புரிந்து கீழே இறங்கிவிட்டார்.

"மறுபடியும் விழுந்துட்டா? நாம ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருக்கோம், யாருக்குத் தெரியும்?" என்றார் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அம்மா குறுக்கே வந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. "மாப்ள, நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதிய. சந்துலயும் எல்லாரும் என்னைய நாள் முழுக்கப் பாக்கத்தான் செய்யுதாவ. ஆனா என்னையப் பாக்கவள நானும் பாப்பேன்லா? அவ என்ன சேலை கட்டியிருக்கா, என்ன கொழம்பு வச்சிருக்கா, எல்லாம் எனக்கும் தெரியும்லா? இந்தச் சவம் என்னைய மட்டும் பாக்கும். நான் பாத்தா முழிச்சிக்கிட்டு நிக்கும்."

கணவர் பாக்கெட்டிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தார். நல்ல மனிதர்தான், ரப்பரோடு அலைகிற நல்ல மனிதர். கேமரா கூடத்தில் மட்டும், சமையலறை மேடையும் தெரிகிற மாதிரி வைப்பதாக முடிவானது.

அதற்குள் அவருக்கு ஆபீஸிலிருந்து போன் வர, பால்கனிக்குப் போய்விட்டார். எல்லாருக்கும் டீ வாங்க நான் கீழே போனேன். திரும்பி வந்தபோது வாசல் பூட்டு வேலை முடிந்திருந்தது. கணவருடைய விரல், என் விரல் இரண்டும் முன்பே பதிவாகிவிட்டன. "மம்மி கா பி ஹோ கயா," அம்மாவுடையதும் ஆயிற்று என்று கம்பெனிக்காரர் சொன்னார். அம்மாவும் சித்தியும் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். இரண்டு பேருமே திருட்டு முழி முழித்தார்கள். கவனித்தேன்; ஆனால் காலையில் போட்ட சண்டையின் அலுப்பில் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அம்மா தன் முடிவைச் சொன்னாள். "பால் காய்ச்சுத அன்னைக்கு வாரேன். ஒரு வாரம் இருந்து பாக்கேன். சரிப்படலன்னா என்னைய எங்க சந்துல கொண்டு விட்டிரணும். சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். வேறு வழி?

பால் காய்ச்சும் நாளும் வந்தது. ஹோமம், கூட்டம் எதுவும் வேண்டாம், பால் பொங்கினால் போதும் என்று சொல்லியிருந்தோம். மாமனாரும் மாமியாரும் மாட்டுங்காவிலிருந்து சாவகாசமாக வருவதாக ஏற்பாடு. அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பவே அரை நாள் ஆகும். அம்மா முதல் நாளே வந்துவிட்டாள். தாராவியிலிருந்து சித்தி ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். நல்ல நேரம் பிறந்ததும் அம்மா புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, அடுப்பைச் சின்னதாக எரியவிட்டாள். நான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து மாக்கோலம் போட்டேன். கணவர் ஸ்டூலில் ஏறி நிலைக்கு மஞ்சள் பூசிவிட்டு மாவிலைத் தோரணம் கட்டினார்.

"தோரணம் கோணலா இருக்கு," என்றேன்.

"நேராத்தான் இருக்கு."

"அம்மா, நீயே வந்து சொல்லு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, "கோணல்தான் மாப்ள," என்றாள். அந்த நேரம் பார்த்துப் பால்கனியிலிருந்து ஒரு காற்று அடித்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கதவு பூட்டப்பட்டது என்று ஒரு பெண்குரல் இங்கிலீஷில் அழகாகச் சொன்னது.

மூன்று பேரும் வெளியே. பால் உள்ளே.

"பதறாதே, வெரல் வெச்சா தெறந்துடும்," என்றார் கணவர். என் விரல்களில் அரிசி மாவு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தேன். ஊறிச் சுருங்கிப் போயிருந்த விரலைப் பூட்டு மதிக்கவில்லை. அவர் விரல்களிலோ மஞ்சள். அவரும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் மாறி மாறி அழுத்தியதில் பூட்டுக்கே சந்தேகம் வந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்தது. திருடர்கள் முயற்சி செய்தால் அப்படித்தான் அலறுமாம். சற்று நேரத்துக்கு யார் விரல் வைத்தாலும் திறக்காதாம்.

"நம்பர் இருக்குல்ல? நம்பரைப் போடுங்க!"

அவர் முகம் மாறியது. "நேத்துதான் மாத்தினேன். சுலபமா இருந்தா கண்டுபிடிச்சுடுவாளேன்னு பெரிய நம்பரா வெச்சேன். போன்ல இருக்கு." போன் உள்ளே இருந்தது. என் போனும் உள்ளேதான்.

"சாவி ஒண்ணு குடுத்தானே?"

"பத்திரமா இருக்கு. பீரோ லாக்கர்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தோரணத்தைப் பிய்த்து அவர் தலையில் போட்டிருப்பேன். உள்ளேயிருந்து பால் தீய்கிற வாசனை வர ஆரம்பித்தது. பிறகு உள்ளே இன்னொரு கருவி கீச்கீச்சென்று கத்தியது. கணவரின் முகத்தில் திடீரென்று ஒளி. "கேஸ் சென்சார்! பால் வழிஞ்சு அடுப்பு அணைஞ்சிருக்கும். கேஸ் கசிஞ்ச உடனே வால்வை மூடிடும். கேட்டேளா அத்தை? மூடிடும்!" கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. உண்மையாகவே மூடிவிட்டது. சொந்த வீட்டுக்கு வெளியே மஞ்சள் கையோடு நின்ற அந்த மனிதர் பெருமையில் பூரித்துப் போனார். எனக்கும் நெஞ்சு நிதானப்பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இந்த அமர்க்களத்தில் எதிர் ஃப்ளாட் கதவு முதல்முறையாகத் திறந்தது. சங்கிலி போட்ட இடுக்கு வழியாக ஒரு மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. "க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று கேட்டது. கோலத்தையும் தோரணத்தையும் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் அந்தப் பெண்மணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சங்கிலியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தார். மராத்திக்காரர், அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், பிறகு வாசலிலேயே நின்றுகொண்டார்.

அப்போதுதான் கணவருக்கு நினைவு வந்தது. "அத்தை! உங்க வெரல் சுத்தமா இருக்கே! பூட்டும் சத்தத்தை நிறுத்திடுத்து. வைங்கோ!"

அம்மா வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அம்மா, கையைக் குடு," என்றேன்.

"என் வெரலு அதுல இல்லட்டி."

"இல்லையா? அன்னைக்குப் பதிவு பண்ணியாச்சுன்னு அந்த ஆள் சொன்னாரே?"

"எத்தன வாட்டி வச்சும் எடுக்கல. இட்லிக் கொப்பரைய தேச்சுத் தேச்சு ரேகையெல்லாம் போயிட்டு. அந்த ஆளு நொந்து போனாரு. அதான்..." அம்மா தரையைப் பார்த்தாள். "எனக்குப் பதிலா உங்க சித்தி வெரல வச்சோம்."

கணவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவா வெரலா? நம்மாத்துப் பூட்டிலயா?"

"எதுத்த வீட்ல ஒரு சாவி இருக்கணும்லா மாப்ள?" என்றாள் அம்மா. ஒரு தப்பும் செய்யாதவள் குரல் அது.

அவர் பதில் சொல்வதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. சித்தி. இடுப்பில் ஒரு பை, கையில் வாழைப்பழச் சீப்பு, தலை நிறைய மல்லிகைப்பூ. "என்ன எல்லாரும் வெளியவே நிக்கிய?" என்றாள்.

"பழத்தைக் கீழ வை. வெரல வையி," என்றாள் அம்மா.

சித்தி சேலையில் விரலைத் துடைத்து, சாமி கும்பிடுகிற பக்தியோடு பூட்டில் வைத்தாள். சின்ன இசையோடு கதவு திறந்தது. உள்ளே மேஜையில் இருந்த கணவரின் போன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தேன்: மம்மி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. மராத்தி அம்மாள் கைதட்டினார்.

அடுப்பெல்லாம் பால். அம்மாவுக்கு மகிழ்ச்சியும் கவலையும். "பொங்கிருச்சு, சரி. எந்தப் பக்கம் பொங்குச்சின்னு ஒருத்தரும் பாக்கலயே!" கணவர் என் கையிலிருந்த தன் போனை வாங்கி, தட்டி நீட்டினார். கூடத்துக் கேமரா எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. பால் மெல்ல ஏறி, நுரைத்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லாரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்தோம். "மாப்ள, இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள் அம்மா. பிறகு வந்த மாமனார் மாமியாருக்கும் போட்டுக் காட்டச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே லாக்கரிலிருந்த சாவியை அம்மா கேட்டு வாங்கினாள். நேராக எதிர் ஃப்ளாட்டுக்குப் போனாள். "தாயி, யே ஆப்கே பாஸ் ரக்கோ." இது உங்களிடம் இருக்கட்டும் என்றாள் அரைகுறை இந்தியில். மராத்தியில் தாயி என்றால் அக்கா. தாயி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கித் தன் வீட்டு ஆணியில் மாட்டிக்கொண்டார். கணவர் இதைப் பார்த்து எச்சில் விழுங்கினார், பாவம். அன்று மட்டும் வாயைத் திறக்கும் தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வாரம் முடிந்தது. அம்மா சந்துக்குத் திரும்புகிற பேச்சை எடுக்கவில்லை; நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் தாராவிக்குப் போனாள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன். மாலையில் திரும்பி வந்தாள், கையில் ஒரு மஞ்சள் பையோடு. பையில் அந்தப் பூப்போட்ட திரைச்சீலை.

இப்போது அம்மாவின் காலை இப்படி: நாங்கள் ஆபீஸ் கிளம்பிய பிறகு குளிப்பாள், விளக்கேற்றுவாள், கதவை விரியத் திறந்து திரையை ஒதுக்கி மாட்டுவாள். தாயியும் தன் கதவைத் திறந்துவிடுவார். இங்கிருந்து சட்னி போகும், அங்கிருந்து பொஹா என்கிற அவல் உப்புமா வரும். இருவருக்கும் பாஷை பாதிதான் புரியும். பேச்சு முழுசாக நடக்கும். ஆனால் பூட்டு இதைப் பொறுக்காது. கதவு திறந்தே கிடந்தால் எங்கள் இரண்டு பேர் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும்: கதவு திறந்தே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்: கதவு திறந்தே இருக்கிறது. சாயங்காலம் வரை இதே பாட்டு.

"இதை ஆஃப் பண்ணிடட்டுமா? மீட்டிங்ல மானம் போறது," என்றார் கணவர்.

"தொட்டீங்கன்னா தெரியும்," என்றேன். ரயில் குர்லாவைத் தாண்டும்போது அந்த முதல் எச்சரிக்கை வரும். அதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய நாள் ஆரம்பிக்கும். அம்மா எழுந்துவிட்டாள், குளித்துவிட்டாள், திரையை ஒதுக்கிவிட்டாள். இதை அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை.

போன வாரம் ஒரு நாள் குர்லா போனது, அடுத்த ஸ்டேஷனும் போனது, எச்சரிக்கை வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே தாயிக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓயப் போகும் நேரத்தில் எடுத்தார்.

"உன் வீட்டில்தான் இருக்கிறேன்," என்றார் இந்தியில். "திரை ஒதுங்கவில்லை, சாவி போட்டு வந்துவிட்டேன். லேசாகக் காய்ச்சல், படுத்திருக்கிறாள். இஞ்சி டீயில் சர்க்கரை அதிகம் என்று என்னைத் திட்டுகிறாள்." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "அவளுக்கு என்னத்துக்குச் சொல்லுதிய? வேலைக்குப் போறவ பயந்துரப் போறா!" தமிழில்தான் கத்தினாள். தாயிக்கு அது புரிந்ததா தெரியவில்லை, சிரித்தார்.

போனை வைத்ததும் அது கையிலேயே அதிர்ந்தது. கதவு திறந்தே இருக்கிறது. தாயி உள்ளே போகும்போது கதவைச் சாத்தவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்மணி பார்க்கப் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உடனே இன்னொரு மெசேஜ் வந்தது. கணவரிடமிருந்து. அவர் ரயிலில் எங்கே நின்றுகொண்டிருந்தாரோ.

"கதவு தெறந்துடுத்து, பாத்தியா? இப்பத்தான் எனக்கு மூச்சே வந்தது."